நடுவுல வை

ராயபுரத்தில் நான் வாழப்போன வீட்டில் யாரும் யாருக்கும் பரிமாறக் கூடாது. கல்யாணமான மறுநாளே இது எனக்குத் தெரிந்துபோனது.

வண்ணாரப்பேட்டையில் என் அப்பாவுக்கு மளிகைக் கடை. தெற்கிலிருந்து வந்து கடை வைத்த குடும்பம். எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணன்களும் முதலில் உட்காருவார்கள். அம்மா நின்று போடுவாள், நான் தண்ணீர் வைப்பேன். எல்லோரும் எழுந்த பிறகு அம்மாவும் நானும் அடுக்களையில் உட்கார்ந்து மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொள்வோம். அதை ஒரு குறையாக நாங்கள் நினைத்ததில்லை. சாப்பாடு என்றால் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் நான் தட்டுகளைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, சோற்றுக் கரண்டியோடு நின்றேன். என் கணவரும் அவர் தம்பியும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய அக்கா எழுந்து வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கிச் சட்டிக்குள் போட்டாள்.

“இன்னாத்துக்கு நிக்கிறே? குந்து.”

“நீங்கல்லாம் சாப்பிடுங்க அக்கா. நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்.”

“அப்புறம் யாரோட துன்னுவே? செவுத்தோடயா?”

உட்கார்ந்தேன். சோற்றுச் சட்டி நடுவில் இருந்தது. அதைச் சுற்றி ஆறேழு சின்ன எவர்சில்வர் கிண்ணிகள். ஒன்றில் நெத்திலி வறுவல், ஒன்றில் முருங்கைக்கீரை, ஒன்றில் முந்தின நாள் மீன் குழம்பைச் சுண்டவைத்தது, ஒன்றில் மாங்காய் ஊறுகாய், ஒன்றில் நாலாக நறுக்கிய ஒரே ஒரு அவித்த முட்டை. எதுவும் ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்காது. ஆளுக்கொரு தட்டு இருந்தது, ஆனால் அது சோற்றைப் பிசைய மட்டும்தான். தொட்டுக்கொள்ள எல்லோருடைய கையும் நடுவுக்குத்தான் போகவேண்டும். புதுப் பெண்ணான எனக்கு, நேற்றுவரை அறிமுகமில்லாத இரண்டு ஆண்களின் விரல்கள் போன கிண்ணியில் என் விரலைப் போடக் கூச்சமாக இருந்தது. கரண்டியால் ஊற்றிக்கொண்ட குழம்பும் சோறும் மட்டும் சாப்பிட்டு எழுந்தேன். அக்கா பார்த்தாள். நாலைந்து நாளில் நானே கையை நீட்டிவிட்டேன்.

அவளுக்கு நாற்பது வயது அப்போது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், இறாலை உரித்து ஐஸில் அடுக்கி அனுப்புகிற கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருஷமாக வேலை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. விரல் நுனிகள் வெளுத்து, சுருங்கி, இறால் மூக்கு குத்திய சின்னச் சின்னக் கீறல்களோடு இருக்கும். காரக் குழம்பில் கை வைக்கும்போதெல்லாம் அவள் முகம் லேசாகச் சுளிக்கும். அதனால் மெதுவாகத்தான் சாப்பிடுவாள். ஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று ஒருமுறை சொன்னேன். “கரண்டில துன்னா துன்ன மாரியே இல்ல” என்றாள்.

வேலையிலிருந்து வரும் வழியில் கிடைப்பதையெல்லாம் கொண்டுவருவாள். ஒரு கொய்யா, பொடி இறால் போட்டு, தெரிந்தவர்கள் சுட்டுக் கொடுத்த நாலு சென்னாங்குன்னி வடை, தேவாலயத் திருவிழாவில் வாங்கிய பொரி. தம்பி டீக்கடையிலிருந்து ஒரு பஜ்ஜி வாங்கிவந்தாலும் அது கிண்ணியில் விழுந்து, கத்தியால் நாலாகி, நடுவுக்கு வந்துவிடும். நான் கைப்பையில் வைத்திருந்த கடலை மிட்டாய்கூட ஒரு நாள் அப்படி வந்தது. “நடுவுல வை. யாருக்கு வோணுமோ எடுத்துக்கட்டும்.” தினமும் குறைந்தது நாலு தடவை இதைச் சொல்வாள். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று அவள் பார்த்து நான் கண்டதில்லை.

ஒரு சமயம் அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. என் கணவர் கன்டெய்னர் யார்டில் சரக்கு சரிபார்க்கிற வேலை பார்த்தார். தம்பி ஷேர் ஆட்டோ ஓட்டினான். அவன் கேட்காமல் அண்ணனின் பைக்கை எடுத்துக்கொண்டு போய் எங்கேயோ விழுந்து எழுந்து, முகப்பு விளக்கை உடைத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தான். சொல்லவும் இல்லை. காலையில் இவர் பார்த்துக் கத்த, அவனும் கத்த, பத்து நாள் ஆகியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நானும் அக்காவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். கடைசியில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஆறேழு கிண்ணிகள் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு கிண்ணியை வைத்தாள். அதில் வறுத்த வஞ்சிரம் நாலு துண்டு. வேறு எதுவும் இல்லை, ரசம்கூட இல்லை.

“குழம்பு வைக்கலயா?” என்றார் இவர்.

“கேஸு தீந்துட்சு.”

கேஸ் தீரவில்லை. எனக்குத் தெரியும். இருவரும் மாற்றி மாற்றிக் கையை நீட்டினார்கள். ஒருவன் கை போனால் மற்றவன் கை பின்வாங்கும். அடுத்த நாளும் ஒரே கிண்ணி. அதற்கு அடுத்த நாள் தம்பி, துண்டில் நல்ல சதைப்பகுதியைப் பிய்த்து, கிண்ணிக்குள்ளேயே அண்ணன் பக்கமாகத் தள்ளிவைத்தான். இவர் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “லைட்ட எப்போ மாத்தப் போறே?” என்றார். அவ்வளவுதான் சமாதானம். மறுநாள் ஏழு கிண்ணிகளும் வந்துவிட்டன.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. சொல்லும்போது எனக்கே நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் வாழ்வது அயர்ச்சியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாலு பேரும் வந்து சேராமல் சட்டி திறக்காது. நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். நாள் முழுக்க நின்றபடி வேலை. பண்டிகை மாதங்களில் கடை தாமதமாகத்தான் மூடும். கால் வீங்கி வீட்டுக்கு வந்தால், மூன்று பேரும் சாப்பிடாமல் எனக்காக உட்கார்ந்திருப்பார்கள். பசியில் இவர் முகம் கடுகடுவென்றிருக்கும். எனக்கோ சாப்பாடே வேண்டாம், படுத்தால் போதும் என்றிருக்கும். ஆனால் நான் உட்காராவிட்டால் அவர்கள் யாரும் உட்கார முடியாது.

“நாளைலேர்ந்து எனக்காகக் காத்திருக்காதீங்க அக்கா.”

“செரி” என்பாள். மறுநாளும் காத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியின் ஆட்டோ மத்தியானம் மூன்று, மூன்றரைக்குத்தான் வரும். நான் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பசி தாங்க முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டியிலிருந்து நேரே சோற்றை அள்ளி, குழம்பைத் தொட்டுத் தொட்டு நின்றபடி தின்றேன். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் நான் தனியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு ருசியாக இருந்தது. கதவு திறந்தது. அக்கா நின்றாள். என் வாய் நிறையச் சோறு. அவள் கதவைத் திரும்பச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு சரியாகப் பன்னிரண்டு மணிக்கு என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். தரையில் ஒரு கிண்ணியில் சோறு, ஒரு கிண்ணியில் மீன்.

“துன்னு.”

“நீங்க?”

“நானும் ரெண்டு வாயி துன்றேன். ஒத்தயா துன்னா புள்ளைக்கு ஒட்டாது.”

நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, பேருக்கு இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றரைக்கு மறுபடியும் எல்லோரோடும் உட்கார்ந்தாள். குழந்தை பிறக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் நடந்தது. அதில் எனக்கு நன்றியும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. தனியாகத் தின்ற அந்த ஒரு நாளின் ருசி அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவளாக ஒருமுறைதான் சொன்னாள். மொட்டைமாடியில் காயவைத்த நெத்திலியை நானும் அவளும் பொறுக்கிக்கொண்டிருந்தோம். துறைமுகத்துப் பக்கமிருந்து நிலக்கரித் தூசி வந்து படியும் மாடி அது. மீனை ஊதி ஊதித்தான் எடுக்கவேண்டும். நான் ஏதோ என் அம்மா வீட்டுப் பழக்கத்தைச் சொல்ல, அவள் பேச ஆரம்பித்தாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அவளும் இரண்டு தம்பிகளும் காசிமேட்டில் தாய்மாமன் வீட்டில் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார்கள்.

“எங்க மூணு பேருக்கும் தட்டு வாசப்படியண்ட வைப்பாங்க. உள்ளேர்ந்து போட்டு எடுத்தாந்து குடுப்பாங்க. சின்னவன் இன்னும் வோணும்னு அய்வான். மாமி சட்டிய எட்டிப் பாத்துட்டு இல்லன்னுவாங்க. இருக்கும்.” ஒரு மீனை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டாள். “அவங்களயும் தப்பு சொல்ல முடியாது. அவங்களுக்கும் அஞ்சு வாயி.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா. கம்பெனில சேந்தேன். ரூம்பு எடுத்தேன். அன்னிக்கு சட்டிய நடுவுல வச்சேன். எம்மாம் கீது, எம்மாம் இல்லன்னு மூணு பேரு கண்ணுக்கும் தெரியும். அப்பால எவனும் அய்வல.”

வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். நானும் உம் கொட்டிக் கேட்டுக்கொண்டேன். இது எனக்குத் தெரியும் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். பின்னால் நான் செய்ததை இது தெரிந்துதான் செய்தேன்.

என் மகளுக்கு ஒன்பது மாதம் ஆகும்போது அக்காவுக்கு இருமல். ஐஸ் வேலை செய்கிறவர்களுக்கு இருமல் புதிதில்லை என்று ஒரு மாதம் விட்டுவிட்டோம். இரண்டாவது மாதம் ரவிக்கைகள் தொளதொளவென்று ஆயின. சாயங்காலமானால் காய்ச்சல். என் கணவர் வற்புறுத்தி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். சளியைச் சோதித்துவிட்டு டிபி என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் முழுதாகக் குணமாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு நர்ஸம்மா வீட்டைப் பார்க்க வந்தார். அக்கா அப்போது உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வாசலிலேயே நின்று பேசினேன். அவர் பொறுமையாகச் சொன்னார். குழந்தைக்கும் முன்கூட்டியே மருந்து தருவார்களாம், தவறாமல் கொடுக்கவேண்டும். அக்கா கொஞ்ச நாள் தனி அறையில் படுக்கவேண்டும், மாஸ்க் போட்டுக்கொள்ளவேண்டும், ஜன்னலை எப்போதும் திறந்து வைக்கவேண்டும்.

“தட்டு, டம்ளர்லாம் தனியா வைக்கணுமா சிஸ்டர்?”

“அதெல்லாம் வேணாம்மா. இது காத்துல வர்றது, பாத்திரத்துல வர்றதில்ல. ரெண்டு மூணு வாரம் மாத்திரை போட்டுட்டா அதுவும் பெரும்பாலும் அடங்கிடும். அப்புறம் பக்கத்துல உக்காந்தே சாப்பிடலாம். தட்டப் பிரிச்சு மனசக் கஷ்டப்படுத்தாதீங்க.”

அவர் போன பிறகு வாசலிலேயே சிறிது நேரம் நின்றேன். குழந்தை என் தாலிச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அது எங்கும் தவழ்ந்து திரிந்த சமயம். சாப்பிடும்போது நடுவில் புகுந்து எல்லாக் கிண்ணிகளிலும் கையை விடும். விட்ட கையை வாயில் வைக்கும்.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். “நர்ஸ் வந்தாங்க. தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வைக்கச் சொல்லிட்டாங்க. ஆறு மாசத்துக்கு.”

அவர் தரையைப் பார்த்தபடி நின்றார். “அக்காண்ட யார் சொல்றது?” என்றார்.

“நான் சொல்றேன்.”

உள்ளறைக்குப் போய்ச் சொன்னேன். அக்கா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பியையும் பார்த்தாள். “செரி” என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஜன்னலோரத்தில் இடம். நான்தான் போட்டுக் கொடுத்தேன். குறை வைக்கவில்லை. மீனில் நல்ல துண்டு அவளுக்குத்தான் முதலில். சத்துள்ளதாகச் சாப்பிடவேண்டும் என்று முட்டை, பால், கீரை எல்லாம் தட்டு நிறைய வைப்பேன். அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். போதுமா என்று கேட்டால் தலையாட்டுவாள். இன்னும் வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கழுவி, ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

மூன்று வாரம் போனதும் இருமல் அடங்கியது. நர்ஸம்மா சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. ‘இன்னும் ஒரு வாரம் போகட்டும்’ என்று நினைத்தேன். பிறகு ‘இந்த மாதம் முடியட்டும்’ என்று நினைத்தேன். பிறகு நினைப்பதே நின்றுவிட்டது.

நடுவும் தானாகக் கலைந்தது. முதல் சில நாள் கிண்ணிகளை நான் வைத்துப் பார்த்தேன். அக்கா இல்லாமல் மூன்று பேர் வட்டமாக உட்காருவது என்னவோ போலிருந்தது. தம்பி தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போனான். இவர் வேலை முடிந்து வந்த கையோடு போட்டுக்கொண்டார். நான் பசித்தபோது சாப்பிட்டேன். யாருக்காகவும் யாரும் காத்திருக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கமாக இருந்தாலும் இதை மறைக்கப்போவதில்லை.

ஆறு மாதம் முடிந்து, குணமாகிவிட்டது என்று சொன்ன அன்று இவர் பெரிய பொட்டலமாகப் பிரியாணி வாங்கிவந்தார். பாயை விரித்து, பொட்டலத்தை நடுவில் பிரித்து வைத்தார். தம்பியும் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, வா.”

அவள் ஜன்னலோரத்திலிருந்து தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். நின்றபடியே தட்டை என்னிடம் நீட்டினாள்.

“இதுல போடு பொண்ணு.”

“இன்னாக்கா, அதான் செரியாப் பூட்சே. குந்துக்கா” என்றார் இவர்.

“இருக்கட்டும். பழகிட்சு.”

இவர் என்னைப் பார்த்தார். நான் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருக்கலாம். குழந்தை மடியில் இருந்தது, பொட்டலம் சுட்டது. தட்டில் பிரியாணியைப் போட்டேன், இரண்டு துண்டு கறி, ஒரு முட்டை. வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இறால் கம்பெனிக்கு அவள் திரும்பப் போகவில்லை. நெஞ்சுக்கு அந்தக் குளிர் ஆகாது. கூட வேலை பார்த்த ஒருத்தி எர்ணாவூரில் குடிசை மாற்று வாரிய வீட்டில் தனியாக இருந்தாள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டவள். அந்தப் பக்கம் ஒரு கேன்டீனில் காய் நறுக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பியிருந்தாள். அக்கா ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்தாள். தம்பிகள் இருவரும் தடுத்தார்கள். “அவ ஒத்தயா கீறா. நீங்கதான் இத்தினி பேர் கீறீங்களே” என்றாள். நானும் போகாதீங்க அக்கா என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது என்பதால் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கும் என் மகளின் பிறந்தநாளுக்கும் வருவாள். குழந்தைக்கு கவுன், எனக்கு வளையல். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். இப்படி நாலு வருஷம்.

போன வருஷம் தம்பிக்குப் பெண் அமைந்தது. நிச்சயத்துக்கு அக்காவை நேரில் அழைக்கவேண்டும். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்ற சாலையில் பஸ் ஊர்ந்து, நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மூன்றாவது மாடி. கதவு திறந்திருந்தது. அக்காவும் அந்தத் தோழியும் எதிர்வீட்டுப் பெண்மணி ஒருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சோறு, சுற்றிலும் கிண்ணிகள். எதிர்வீட்டுக்காரம்மா தன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணி கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்திருந்தார்.

அக்கா உடம்பு தேறியிருந்தாள். கன்னம் நிறைந்திருந்தது.

“வா. கை கய்விக்கினு குந்து” என்றாள், நேற்றுதான் பார்த்ததுபோல.

உட்கார்ந்தேன். தோழி எனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்தாள். சோறு போட்டுக்கொண்டேன். தொக்கில் கை வைத்து இரண்டு வாய் சாப்பிட்டேன். நிச்சயத் தேதி, பெண் வீடு தண்டையார்பேட்டை, பெண் என்ன படித்திருக்கிறாள் எல்லாம் சொன்னேன். மூன்றாவது வாய் இறங்கவில்லை. மற்ற இருவரும் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

“அக்கா, அன்னிக்கு நர்ஸம்மா தட்டப் பிரிக்கச் சொல்லல. வேணாம்னுதான் சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“எனக்கும்தான் சொன்னாங்க. மொத மாத்ர வாங்க ஒத்தயா போனப்பவே சொல்ட்டாங்க. பாத்ரத்துல ஒண்ணியும் வராதும்மா, மூணு வாரம் போனா எல்லாரோடயும் துன்னலாம்னு. மாசா மாசம் போவும்போதும் சொல்லுவாங்க.”

“அப்ப ஏன் என்னைக் கேக்கல?”

“கேட்டு?”

தோழி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். எதிர்வீட்டுக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

“நீ புள்ளய இடுப்புல வச்சிகினு நடுங்கிகினு நின்னே. பின்னால சின்னவன் நின்னுகினு இருந்தான். அப்படிலாம் சொல்லலியேன்னு நான் ஒரு வார்த்த சொல்லிருந்தா, நீ பொய் சொன்னது அவனுக்குத் தெரிஞ்சிபூடும். அப்பால நீ அந்த வூட்ல எப்டி குந்துவே? அவனோட எப்டி துன்னுவே?” பிசைந்த சோற்றை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். “எனுக்கு ஆறு மாசம்தானேன்னு பாத்தேன்.”

“அப்புறமாவது வந்து உக்காந்திருக்கலாமே அக்கா. அன்னிக்கு அவரு கூப்பிட்டாரே.”

“அவன் கூப்டான்” என்றாள்.

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியதும் இல்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரம்மா கீரைக் கிண்ணியை என் பக்கம் நகர்த்தி, “துன்னும்மா, ஆறுது” என்றார். தின்றேன். உப்பு, காரம் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தட்டில் போட்டதை முழுக்கத் தின்றேன். அதையும் விட்டுவிட்டு எழுந்தால் மறுபடியும் அவளோடு சாப்பிட மறுத்ததாகிவிடும் என்று பட்டது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

“நிச்சயத்துக்கு வருவீங்கல்ல அக்கா?”

“வராம? அவன நான் தூக்கி வளத்தவ. காலைலயே வந்துர்றேன். பூ கட்டணும்னா சொல்லு, கட்டி எடுத்தாறேன்.” செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என் தோளில் கையை வைத்தாள். “பந்தில மட்டும் என்னத் தேடாத.”

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நானும் ‘சரி அக்கா’ என்றேன். வற்புறுத்த எனக்கு என்ன உரிமை இருந்தது?

இரண்டாவது மாடி இறங்கும்போது மேலே மூன்று பெண்களும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அக்காவின் சிரிப்பு கொஞ்சம் கட்டைக் குரலில், விட்டுவிட்டு வரும். எங்கள் வீட்டில் அதைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. படியில் நின்று கேட்கலாம்போல இருந்தது. கீழேயிருந்து யாரோ தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்தார்கள். ஒதுங்கி வழிவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.